ஸ்கேட்டைக் கழற்றிய பின் எந்தப் பக்கம்? ஓய்வை நெருங்கும் என்.எச்.எல் வீரருக்கான ஒப்பீடு

வயது 34. மூன்றாம் வரிசை முன்கள ஆட்டக்காரர். வட அமெரிக்காவின் தொழில்முறை ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல்லில் நானூற்றுச் சொச்சம் ஆட்டங்கள். நட்சத்திரம் இல்லை, ஆனால் தன் அணி ஓர் ஆள் குறைவாக ஆடும்போது பயிற்சியாளர் முதலில் பனிக்கு அனுப்புவது இவரைத்தான். ஜூன் 30 அன்று ஒப்பந்தம் முடிகிறது, ஜூலை 1 அன்று சந்தை திறக்கிறது. முதல் சில வாரங்களில் அழைப்பு வராவிட்டால், அதற்குப் பிறகு வருவது பெரும்பாலும் செப்டம்பர் முகாமுக்கு ஒப்பந்தமே இல்லாமல் வந்து ஆடிக் காட்டச் சொல்லும் அழைப்புத்தான். ஒவ்வொரு கோடையிலும் இந்த இடத்தில் வந்து நிற்பவர்களில் பெரும்பாலோர் இவரைப் போன்றவர்கள். பெரும் நட்சத்திரங்களான கிரெட்ஸ்கிக்கும் லெமியூவுக்கும் திறந்த கதவுகள் இவருக்குத் திறக்கப் போவதில்லை என்பதால், இந்த ஒப்பீடு இவரை வைத்தே.

முதலில், எப்போது ஓய்வை அறிவிப்பது என்ற விஷயம். ஒப்பந்தத்தில் ஆண்டுகள் மிச்சமிருக்கும்போது உடல் கைவிட்டால் ஓய்வுக் கடிதத்தில் கையெழுத்துப் போடக் கூடாது. தானாக ஓய்வு பெற்றால் மீதிச் சம்பளம் போய்விடும். ஆடத் தகுதியில்லை என்று மருத்துவர் எழுதித் தந்து, நீண்டகாலக் காயப் பட்டியலில் இருந்தால் சம்பளம் தொடரும். கிறிஸ் ப்ராங்கர் கடைசியாக ஆடியது 2011 நவம்பரில். அவர் ஒப்பந்தம் 2017 வரை ஓடியது. 2015-இல் ஹாக்கியின் கௌரவப் பட்டியலான ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டபோதுகூட ஏட்டளவில் அவர் ஓர் அணியின் வீரர். மரியன் ஹோசா 2017-இல் தோல் நோயால் நின்றபோதும் இப்படியே நடந்தது. ஒப்பந்தம் முடிந்தவருக்கு இந்தக் கவலை இல்லை. ஆனால் அவருக்கு வேறொரு கடமை உண்டு: சீசன் முடிவில் அணி செய்யும் கடைசி மருத்துவப் பரிசோதனையில், தோள், முழங்கால், தலையடி எதையும் மறைக்காமல் பதிவு செய்யவைக்க வேண்டும். அடுத்த ஒப்பந்தம் கிடைக்காமல் போகுமோ என்ற பயத்தில் அன்று வாயை மூடிக்கொண்டவர்கள், மூன்று வருடம் கழித்து அந்தக் காயம் ஆட்டத்தில் வந்ததுதான் என்று நிரூபிக்க அலைகிறார்கள்.

வேலைகளை ஒப்பிடும் முன் மூன்று கணக்குகளை முடித்துவிட வேண்டும். ஒன்று, பணம். 2023-24 முதல் 2025-26 வரை என்.எச்.எல் குறைந்தபட்சச் சம்பளம் 7,75,000 டாலர். கேட்பதற்குப் பெரிய தொகை. ஆனால் ஒன்டாரியோவில் உச்ச வரி விகிதம் 53.53 சதவீதம்; லீக் வருமானத்தை வீரர்களும் உரிமையாளர்களும் சரிபாதியாகப் பிரிக்க வேண்டும் என்பதால் எஸ்க்ரோ என்று ஒரு பிடித்தம்; அதற்கு மேல் ஏஜென்ட் கட்டணம். கையில் வந்தது எவ்வளவு, வீட்டுச் செலவு மாதம் எவ்வளவு, வருமானமே இல்லாமல் எத்தனை மாதம் தாங்கும் என்று எழுதிப் பார்க்க வேண்டும். கீழே வரும் வேலைகளில் பாதி, முதல் இரண்டு மூன்று வருடம் குடும்பத்தைத் தாங்காது.

இரண்டு, தலை. மூளை அதிர்ச்சிக்குப் பின் தலைவலி மிச்சமிருப்பவருக்குத் தினமும் நான்கைந்து மணி நேரம் திரையில் வீடியோ வெட்டும் வேலை ஒத்துவராது. பயிற்சியாளர் வேலையின் பெரும்பகுதி அதுதான் என்பது பலருக்கு உள்ளே போன பிறகே தெரிகிறது. 2018-இல் முந்நூறுக்கும் மேற்பட்ட முன்னாள் வீரர்களோடு லீக் செய்துகொண்ட சமரசத் தொகை ஏறத்தாழ 1.89 கோடி டாலர். அத்தனை பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு எவ்வளவு தேறும் என்று பாருங்கள். அந்த வழியில் பெரிய பாதுகாப்பு கிடைக்கும் என்று நம்பித் திட்டம் போடக் கூடாது.

மூன்று, விசா. அமெரிக்க அணியில் ஆடும் கனடியரோ ஸ்வீடிஷ்காரரோ பெரும்பாலும் விளையாட்டு வீரர்களுக்கான பி-1 (P-1) விசாவில் இருப்பார். அது ஆட்டத்தோடு கட்டியது. ஆட்டம் நின்றால் அதுவும் நிற்கும். குழந்தைகள் டாம்பாவிலோ டாலஸிலோ பள்ளியில் வேரூன்றிவிட்டார்கள், அங்கேயே இருக்க வேண்டும் என்றால், கிரீன் கார்டு விண்ணப்பத்தை ஆடிக்கொண்டிருக்கும்போதே போட வேண்டும். 'அசாதாரணத் திறன்' என்ற பிரிவுக்கான ஆதாரம் வலுவாக இருப்பது அப்போதுதான்.

ஐரோப்பாவில் இன்னும் இரண்டு வருடம்

பலருக்கும் முதலில் தோன்றுவது இது. சுவிட்சர்லாந்து, ஸ்வீடன், ஜெர்மனி மூன்றிலும் மேல்மட்ட லீக்கில் 14 அணிகள், 52 சுற்றுகள். 82 ஆட்டம் ஆடிய உடம்புக்கு இது ஓய்வு போலத் தெரியும். பயணம் பெரும்பாலும் பஸ்ஸில். சுவிஸில் ஆட்டம் முடிந்து இரவே வீடு திரும்பிவிடலாம். வீடும் காரும் அணி தருவது வழக்கம். சம்பளத்தை வரி போக நிகரத் தொகையாகவே பேசுவார்கள்.

கவனிக்க வேண்டியது வெளிநாட்டவர் ஒதுக்கீடு. சுவிஸில் 2022-23 முதல் ஓர் ஆட்டத்தில் ஆறு வெளிநாட்டவர் வரை ஆடலாம், முன்பு நான்கு. இடம் கூடியது நல்லதுதான். ஆனால் அணிகள் ஏழாவது, எட்டாவது ஆளையும் கையில் வைத்துக்கொள்கின்றன. இரண்டு வாரம் கோல் விழாவிட்டால் கேலரியில் உட்கார வேண்டியதுதான். நம் மூன்றாம் வரிசைக்காரருக்குச் சிக்கலே இங்கேதான். வெளிநாட்டவரை அவர்கள் எடுப்பது கோல் அடிக்க, எதிரணியில் ஓர் ஆள் குறைந்திருக்கும் பவர் பிளேயை நடத்த. எதிராளியின் அடியைத் தடுத்து விழும் வேலைக்கு உள்ளூர் ஆட்கள் போதுமானவர்கள். பத்து வருடம் பவர் பிளேயே ஆடாதவர் அங்கே போய்த் திடீரென்று அதை ஆட வேண்டியிருக்கும். பனித்தளமும் வேறு. என்.எச்.எல் தளம் ஏறத்தாழ 61 மீட்டர் நீளம், 26 மீட்டர் அகலம். ஐரோப்பாவின் பழைய அரங்குகளில் அகலம் 30 மீட்டர் வரை போகும். ஓரச்சுவரில் எதிராளியை மோதி நிறுத்திப் பிழைத்தவருக்கு அந்தக் கூடுதல் நான்கு மீட்டர் பெரிய தூரம்.

ஒப்பந்தத்தில் நான்கு விஷயங்கள் எழுத்தில் இருக்க வேண்டும்: குழந்தைகளின் சர்வதேசப் பள்ளிக் கட்டணம், குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு, காயத்தில் இருக்கும் மாதங்களுக்கும் சம்பளம், நடுவில் நீக்கினால் எவ்வளவு நாள் வீட்டில் தங்கலாம் என்பது. கடைசியதை விட்டுவிட்டு, பிப்ரவரிப் பனியில் இரண்டு வாரத்துக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லப்படுவது இந்தத் தொழிலில் தெரிந்த கதை.

வெறும் பணத்துக்காகப் போவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். பயிற்சியாளராகும் எண்ணம் இருந்தால் மட்டும் இது நல்ல முதலீடு. ரால்ஃப் க்ரூகர் வின்னிபெக்கில் பிறந்தவர், ஜெர்மனியில் ஆடியவர். 1997 முதல் 2010 வரை சுவிஸ் தேசிய அணியை நடத்தி, அந்த வழியாகவே எட்மண்டனுக்கும் பின்னர் பஃபலோவுக்கும் தலைமைப் பயிற்சியாளராக வந்தார். இடையில் ஐந்து ஆண்டுகள் சவுத்தாம்ப்டன் கால்பந்துக் கழகத்தின் தலைவர். ஐரோப்பாவில் ஆடும் காலத்திலேயே அந்த ஊர்ப் பயிற்சியாளர் உரிமப் படிப்பில் சேர்ந்து, அணியின் இளையோர் பிரிவில் வாரம் ஒரு நாள் நிற்க அனுமதி கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

பயிற்சியாளர் வேலை

ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கை இந்த வேலையில் எதையும் உறுதி செய்வதில்லை. ஸ்காட்டி போமன் இளையோர் ஆட்டத்திலேயே காயப்பட்டு நின்றவர். பயிற்சியாளராக ஒன்பது ஸ்டான்லி கோப்பைகள் (சீசன் முடிவில் நடக்கும் பிளேஆஃப் சுற்றுகளை வெல்லும் அணிக்குக் கிடைக்கும் என்.எச்.எல் கோப்பை). ஜான் கூப்பர் வழக்கறிஞர். டாம்பா பேவுக்கு 2020, 2021 இரண்டு கோப்பைகள். மறுபக்கம், உலகமே கொண்டாடிய வெய்ன் கிரெட்ஸ்கி 2005 முதல் 2009 வரை ஃபீனிக்ஸ் அணிக்கு நான்கு சீசன் பயிற்சியாளர். ஒருமுறைகூட பிளேஆஃப் இல்லை. அணி பலவீனமானது என்பதும் உண்மை. ஆனால் துணைப் பயிற்சியாளராக ஒருநாள்கூட இருக்காமல் நேராகத் தலைமைக்கு வந்தார் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

ராட் பிரிண்ட்-அமோர் வந்த வழி வேறு. 2006-இல் கரோலினாவுக்குக் கேப்டனாகக் கோப்பை வென்றவர், 2010-இல் ஓய்வு, 2011-இல் அதே அணியில் துணைப் பயிற்சியாளர். ஏழு சீசன் அந்த நாற்காலியில் இருந்து, வெவ்வேறு தலைமைப் பயிற்சியாளர்களின் கீழ் வேலை செய்து, 2018-இல் தலைமைக்கு வந்தார். 2021-இல் ஆண்டின் சிறந்த பயிற்சியாளருக்கான ஜாக் ஆடம்ஸ் விருது. பாட்ரிக் ருவா 2005 முதல் எட்டு வருடம் கியூபெக் ராம்பார் என்ற இளையோர் அணியை நடத்திய பிறகே 2013-இல் கொலராடோவுக்கு வந்தார். விதிவிலக்கும் உண்டு. மார்ட்டின் சேன் லூயி சிறுவர் அணிகளுக்கு மட்டும் பயிற்சி கொடுத்தவர்; 2022 பிப்ரவரியில் மான்ட்ரியல் அவரை நேராகத் தலைமைப் பயிற்சியாளர் ஆக்கியது. 2025-இல் அணி பிளேஆஃப் போனது. இடையில் மூன்று வருடம் தோல்விகளைப் பொறுத்துக்கொள்ள நிர்வாகம் தயாராக இருந்தது. அவர் ஹால் ஆஃப் ஃபேம் வீரர். நானூற்றுச் சொச்சம் ஆட்டம் ஆடிய நம் ஆளுக்கு அப்படியொரு பொறுமை கிடைக்காது.

ஆகவே இவர் ஏற வேண்டிய முதல் படி இரண்டில் ஒன்று: என்.எச்.எல்லுக்கு அடுத்த கட்டமான ஏ.எச்.எல்லில் துணைப் பயிற்சியாளர், அல்லது ஓர் அணியின் இளம் வீரர்களை வளர்க்கும் டெவலப்மென்ட் கோச். ஏ.எச்.எல் அணிக்கு 72 ஆட்டங்கள், வார இறுதியில் மூன்று நாளில் மூன்று ஆட்டம் வருவது சாதாரணம். துணைப் பயிற்சியாளரின் ஒரு நாள் இப்படிப் போகும்: எதிரணி கடைசியாக ஆடிய மூன்று ஆட்டங்களை ஸ்போர்ட்ஸ்கோட் மென்பொருளில் வெட்டுவது, அவர்கள் பவர் பிளே எந்தப் பக்கத்திலிருந்து நுழைகிறது, ஆட்டத்தைத் தொடங்கும் ஃபேஸ்ஆஃபில் தோற்றால் யார் எங்கே ஓடுகிறார் என்று குறிப்பது, அதை ஐந்து நிமிட வீடியோவாகச் சுருக்குவது. ஐந்து நிமிடம் தாண்டினால் இருபது வயதுப் பையன்களின் கண் அறையைவிட்டு வெளியே போய்விடும். பிறகு பனியில் 40 நிமிடம், மாலையில் ஆட்டம், இரவு பஸ்ஸில் மறுநாளைக்கான வெட்டு.

புதிதாக வருபவர்கள் இடறும் இடம் ஒன்றே. தான் செய்ததைச் சொல்லத் தெரியாது. 'அங்கே போனால் பக் (ஆட்டத்தில் அடிக்கும் ரப்பர் வட்டு) வரும், உனக்கே தெரியும்' என்பார்கள். அந்தப் பையனுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அவன் ஏ.எச்.எல்லில் இருக்க மாட்டான். ஸ்டிக்கின் முனை எந்தப் பக்கம், இடுப்பு எந்தப் பக்கம், தோளுக்கு மேல் எப்போது திரும்பிப் பார்க்க வேண்டும் என்று பிரித்துச் சொல்ல, கடைசி இரண்டு சீசனிலேயே பழக வேண்டும். தான் பனியில் இறங்கி ஆடிய பத்து ஷிஃப்டுகளைப் பார்த்து, ஒவ்வொன்றிலும் எடுத்த முடிவை ஒரு வரியில் எழுதுவது நல்ல பயிற்சி. எழுத வராவிட்டால், கற்பிக்கவும் வராது.

காகித வேலையும் உண்டு. கனடாவில் ஹாக்கி கனடாவின் டெவலப்மென்ட், ஹை பெர்ஃபார்மன்ஸ் படிப்புகள், அமெரிக்காவில் யு.எஸ்.ஏ ஹாக்கியின் நிலைவாரியான சான்றிதழ்கள். என்.எச்.எல்லில் யாரும் கேட்க மாட்டார்கள். இளையோர் அணிக்குப் போக நேர்ந்தால் அது இல்லாமல் பெஞ்சில் நிற்க முடியாது.

எல்லோரும் தலைமைக்குத்தான் போக வேண்டும் என்பதும் இல்லை. லாரி ராபின்சன் 2000 மார்ச்சில், சீசன் முடியும் தறுவாயில் நியூ ஜெர்சி அணியைக் கையில் எடுத்துக் கோப்பையை வென்றவர். 2005-இல் மீண்டும் அதே பதவிக்கு வந்து, மன அழுத்தம் தாங்காமல் டிசம்பரிலேயே விலகினார். துணையாகவும் ஆலோசகராகவும் இருந்த ஆண்டுகளில்தான் அவர் நிம்மதியாக இருந்தார் என்பது எங்கள் கணிப்பு. 2019-இல் செயின்ட் லூயிஸ் கோப்பை வென்றபோதும் ஆலோசகராக உடனிருந்தார். பின்கள வீரர்களைச் செதுக்குவதில் அவர் போல் சிலரே. இப்படிப்பட்டவர் துணையாகவே இருப்பதைத் தோல்வியாக எண்ணக் கூடாது.

அலுவலகப் பக்கம்

டெவலப்மென்ட் கோச் வேலைதான் நம் ஆளுக்கு மிகப் பொருத்தமானது. அணி தேர்ந்தெடுத்த இளைஞர்கள் கல்லூரியிலும் இளையோர் லீக்குகளிலும் சிதறிக் கிடப்பார்கள். மாதத்தில் பாதி நாள் விமானத்தில் போய், ஓர் ஆட்டம் பார்த்து, மறுநாள் காலை உணவில் உட்கார்ந்து, பனியில் அரை மணி நேரம் வேலை செய்து, நிர்வாகத்துக்கு அறிக்கை அனுப்புவது. வெற்றி தோல்வி தலையில் விழாது. பயிற்சியாளர் பக்கம் போகலாமா, நிர்வாகப் பக்கமா என்று முடிவெடுக்க இரண்டு வருட அவகாசமும் கிடைக்கும்.

புதிய திறமைகளைத் தேடிப் பார்க்கும் ஸ்கவுட் வேலை அதைவிடத் தனிமையானது. இளம் வீரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் ஏழு சுற்று டிராஃப்டில் 32 அணிகள் சேர்ந்து எடுப்பது 224 பேரை. அதற்காகக் குளிர்காலம் முழுக்க, கார் ஹீட்டரும் அரங்கக் காபியுமாக நூற்றுக்கணக்கான ஆட்டங்கள். சம்பளம் குறைவு. ஆனால் பொது மேலாளர் ஆக நினைப்பவருக்கு இந்தப் பாடம் இல்லாமல் முடியாது. கேமி கிரனாட்டோ 2019-இல் சியாட்டிலுக்கு ஸ்கவுட்டாகச் சேர்ந்து, 2022-இல் வேன்கூவருக்குத் துணைப் பொது மேலாளரானார். பெண்கள் ஹாக்கியிலிருந்து வருபவர்களுக்கும் இப்போது இந்தப் பாதை திறந்திருக்கிறது.

ஸ்டீவ் ஐசர்மன் 2006-இல் நின்றதும் டெட்ராய்ட் அவரைத் துணைத் தலைவராக வைத்துக்கொண்டது. நான்கு வருடம் பொது மேலாளர் கென் ஹாலண்டின் அருகில் உட்கார்ந்து, சம்பள உச்சவரம்புக் கணக்கும் ஒப்பந்தப் பேச்சும் கற்ற பிறகே 2010-இல் டாம்பாவுக்குப் போனார். அங்கே அவர் கட்டிய அணி, அவர் விலகிய பின் இரண்டு கோப்பை வென்றது. அதே மனிதர் 2019-இல் டெட்ராய்டுக்குத் திரும்பினார். 2025 வரை ஒருமுறைகூட பிளேஆஃப் இல்லை. இந்த நாற்காலியில் திறமைக்கு இணையாகக் காலமும் டிராஃப்ட் அதிர்ஷ்டமும் வேலை செய்கின்றன. அவ்வளவு பொறுமை இல்லாதவர் இந்தப் பக்கம் வர வேண்டாம்.

தொலைக்காட்சி

வெளியிலிருந்து பார்க்க எளிய வேலை. உண்மையில் இடங்கள் மிகக் குறைவு. அமெரிக்காவில் 2021 முதல் தேசிய ஒளிபரப்பு ஈ.எஸ்.பி.என், டி.என்.டி இரண்டிடமும் இருக்கிறது. 2023 மார்ச்சில் பிராந்தியச் சேனல்களை நடத்திய டயமண்ட் ஸ்போர்ட்ஸ் நிறுவனம் திவால் மனு போட்ட பின் பிராந்தியச் சேனல்கள் ஆட்டம் கண்டுவிட்டன. கனடாவில் ரோஜர்ஸ் 2026-27 முதல் 12 வருடத்துக்கு 1,100 கோடி கனடிய டாலரில் உரிமையை வைத்துக்கொண்டதால், அங்கே தரை கொஞ்சம் உறுதி. 202 ஆட்டம் மட்டுமே ஆடிய பால் பிஸ்ஸனெட் பாட்காஸ்ட் வழியாக டி.என்.டி மேசைக்கு வந்தது, புள்ளிக்கணக்கைவிடப் பேச்சு முக்கியம் என்பதற்கு அத்தாட்சி. ஆனால் பேச்சு என்பது மறு ஒளிபரப்பு ஓடும் சில விநாடிக்குள் ஏன் கோல் விழுந்தது என்று சொல்லி முடிப்பது. ஒலியை நிறுத்திவிட்டு ஓர் ஆட்டத்தை ஓடவிட்டு, தன் குரலைப் பதிவு செய்து கேட்டால் ஒரே இரவில் தெரிந்துவிடும். நண்பர்களை விமர்சிக்கத் தயங்குபவருக்கு இந்த வேலை ஒரு சீசனுக்கு மேல் நிலைக்காது.

தனிப் பயிற்சிக் கூடம்

ஆடம் ஓட்ஸ் வாஷிங்டனில் இரண்டு சீசன் தலைமைப் பயிற்சியாளர். 2014-இல் நீக்கப்பட்ட பின் தனிப்பட்ட வீரர்களுக்கான நுணுக்கப் பயிற்சியாளராகத் தன் இடத்தைக் கண்டுகொண்டார். அவர் பெயருக்கு என்.எச்.எல் வீரர்களே தேடி வருவார்கள். நம் ஆளிடம் வரப்போவது பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள். கணக்கு இப்படி: ஒரு மணி பனி வாடகை 300 டாலர், பத்துப் பிள்ளைகளிடம் தலா 50, ஆக வரவு 500. உதவியாளருக்கும் நிற்க வந்த கோலிக்கும் (கோல் காப்பாளர்) கொடுத்து, காப்பீட்டுக்கு ஒதுக்கினால் மிஞ்சுவது நூறு டாலர் அளவில். இரண்டு பிள்ளைகள் வராவிட்டால் அதுவும் இல்லை. மாலை ஐந்து முதல் பத்து வரையான பனியை உள்ளூர்ச் சிறுவர் சங்கங்கள் சீசன் முழுக்கப் பிடித்து வைத்திருக்கும். கிடைப்பது காலை ஆறு மணி. அதனால் இது ஜூலை, ஆகஸ்ட் வருமானம். சொந்த அரங்கு கட்டலாம் என்ற யோசனை வந்தால், குளிரூட்டும் கருவியின் மின்கட்டணத்தை முதலில் பாருங்கள். சேமிப்பைக் கரைத்த முன்னாள் வீரர்களின் கதைகளில் அரங்கும் உணவகமும் திரும்பத் திரும்ப வருகின்றன.

ஏஜென்ட் ஆவது பற்றிச் சுருக்கமாக: வீரர்கள் சங்கத்தின் அங்கீகாரம் வேண்டும். பதினைந்து வயதில் ஒரு பையனின் குடும்பத்துக்கு ஆலோசகராகத் தொடங்கி, அவன் கையெழுத்திடும்வரை வருமானம் இல்லை. 9,50,000 டாலர் புதுவரவு ஒப்பந்தத்தில் மூன்று சதவீதம் என்றால் 28,500. அதுவரை ஐந்து வருடச் செலவு கைக்காசு. முப்பது வயதில் முழங்கால் போய் நின்ற நட்சத்திரம் பாபி ஓர். 1976-இல் அவர் பாஸ்டனை விட்டு சிகாகோவுக்குப் போனபோது, பாஸ்டன் அணி தனக்கு 18.5 சதவீதப் பங்கு தரத் தயாராக இருந்ததை அவருடைய ஏஜென்ட் ஆலன் ஈகிள்சன் மறைத்துவிட்டார் என்பது பின்னர் தெரியவந்தது. ஈகிள்சன் 1998-இல் மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றார். அந்த பாபி ஓர் பிற்பாடு தானே ஏஜென்டாகி இளைஞர்களைக் காத்தார். அந்த அளவு அக்கறை உள்ளவர்கள் வரலாம்.

பனியை முற்றிலும் விட்டு

கென் ட்ரைடன் ஆடிக்கொண்டே மெகில் பல்கலைக்கழகத்தில் சட்டம் முடித்தார். 31 வயதில், ஆறு கோப்பைகளோடு நின்று, பின்னாளில் கனடிய அமைச்சரும் ஆனார். ராண்டி கிரெக் எட்மண்டனுக்கு ஐந்து கோப்பை வென்ற பின்கள வீரர், பின்னர் அதே ஊரில் விளையாட்டு மருத்துவர். கனடிய ஹாக்கி வீராங்கனை ஹேலி விக்கன்ஹைசரும் மருத்துவரானவர். இவர்கள் எல்லோருக்கும் பொது, படிப்பை ஓய்வுக்குப் பின்னால் தள்ளிப்போடவில்லை. இளையோர் லீக்கில் ஆடிய ஒவ்வொரு சீசனுக்கும் ஒரு வருடக் கல்விக் கட்டணம் என்ற கனடிய உதவித்தொகை உண்டு, என்.எச்.எல் ஒப்பந்தம் போட்டவருக்கு அது போய்விட்டிருக்கும். ஆகவே 34 வயதில் கைக்காசு போட்டுத்தான் படிக்க வேண்டும். அதாபாஸ்கா போன்ற தொலைநிலைப் பல்கலைக்கழகத்தில் சீசனுக்கு இரண்டு பாடம் என்று 28 வயதில் தொடங்கியவர் இந்நேரம் பட்டத்தின் ஒரு நல்ல பகுதியை முடித்திருப்பார்.

சிறு லீக் வீரர்கள் பலர் தீயணைப்புத் துறைக்குப் போகிறார்கள். நாங்கள் அதை மனதார ஆதரிக்கிறோம். கூட்டாக வேலை, முறைப்பணி, ஓய்வூதியம். அமெரிக்காவின் பல துறைகளில் உடல் தேர்வு 50 பவுண்டு எடைச் சட்டையோடு எட்டுப் பணிகளை 10 நிமிடம் 20 விநாடிக்குள் முடிப்பது. மூச்சு பிரச்சினையாகாது, தோளில் அறுவை செய்தவர்களுக்குக் கூரையைக் குத்தி இழுக்கும் கடைசிப் பணிதான் கடினம். சில நகரங்களில் வயது வரம்பு இருப்பதால், 35 வயதுவரை காத்திருந்து விண்ணப்பிக்கக் கூடாது.

எங்கள் வரிசை

தலையில் பழைய அடி மிச்சமிருந்தால் பனியை விட்டு வெளியே, கேள்வியே இல்லை. தலை நன்றாக இருந்து, ஐந்து வருடச் செலவுக்குக் கையில் பணமும் இருந்தால் டெவலப்மென்ட் கோச், அதன் பின் ஏ.எச்.எல். பணம் இரண்டு வருடத்துக்கு மட்டும் என்றால், உரிமப் படிப்போடு சேர்த்து ஐரோப்பா. தொலைக்காட்சியும் தனிப் பயிற்சியும் பக்க வருமானம் மட்டுமே. எதுவானாலும் பேச்சைத் தொடங்குவது மார்ச்சில், இன்னும் உடைமாற்றும் அறையில் பெயர்ப்பலகை இருக்கும்போது. அணிகள் அடுத்த சீசன் ஊழியர்களை ஜூன், ஜூலையில் முடிவு செய்கின்றன. ஆகஸ்டில் கேட்பவருக்கு ஓர் ஆண்டு வீணாகும்.

கோலிகளின் கணக்கு இதிலிருந்து விலகியது. ஒவ்வொரு என்.எச்.எல் அணியிலும் கோலிக்கென்று ஒரு பயிற்சியாளர் உண்டு, ஏ.எச்.எல் அணிகளுக்கும் தேவை. அந்த வேலைக்குப் போட்டியிட முன்கள வீரர்களால் முடியாது. இருபதே ஆட்டம் ஆடிய மாற்றுக் கோலிக்கும் அங்கே இடம் கிடைக்கிறது, ஏனென்றால் பெஞ்சில் உட்கார்ந்த ஆயிரம் மணி நேரமும் அவர் பார்த்துக்கொண்டிருந்தது இன்னொரு கோலியின் கால்களைத்தான். அவர் தன் குறிப்பேடுகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்க வேண்டும்.